மழை மாப்பிள்ளை

மூன்று நாளாக அவன் தன் அண்ணன் பேரில் செத்துக் கிடந்தான்.

பிணவறை வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையில் அந்தப் பேர்தான் இருந்தது. முதல் நாள் அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. யாரோ கவனமில்லாமல் எழுதிவிட்டார்கள், சொன்னால் துடைத்துவிட்டு மாற்றி எழுதுவார்கள் என்று நினைத்தாள். ஒரு ஈரத்துணியும் ஒரு சாக்பீஸும் இருந்தால் முடிகிற வேலை. மூன்றாம் நாள் காலையில் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதை அழிக்க அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் கை வராது.

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரை படபடவென்று முறிகிற சத்தம். உள்ளேயிருந்து வந்த மருந்து நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, குடித்த டீயும் அந்த நாற்றமாகவே இறங்கியது.

அவளை அவள் வீதியில் காஜாக்காரி என்றால்தான் தெரியும். ரெடிமேட் கம்பெனியில் காஜா மிஷினில் உட்காருகிறவள். சட்டைக்கு ஏழு காஜா, பொத்தான் நுழைய ஏழு ஓட்டை. ஒரு ஓட்டை அரை நூல் தள்ளிப் போனாலும் சட்டை முழுக்கக் கோணிக்கொண்டு நிற்கும். அதனால் எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் கல்யாணக் காகிதத்தை மட்டும் அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் விட்டாள். அது பிறகு.

அவள் புருஷன் அட்டை மில்லில் கூழ்த்தொட்டி ஆள். ஊரில் படித்துப் போட்ட பேப்பர், கிழிந்த நோட்டு, பிரித்துப் போட்ட பெட்டி எல்லாம் அங்கே வந்து தண்ணீரில் ஊறி, அரைபட்டுக் கூழாகி, உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் காய்ந்து, மறுபடி அட்டையாக வெளியே போகும். தொட்டிக்கு அடியில் ஒரு குழி. கூழின் கசடெல்லாம் அதில் தங்கும். மாதத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கி அள்ள வேண்டும். மில் இரண்டு நாள் நின்றாலே குழிக்குள் காற்று கெட்டுவிடும் என்பது வாசலில் நிற்கிற காவலாளிக்குக்கூடத் தெரியும். மோட்டார் ரிப்பேர் என்று மில் ஐந்து நாள் நின்றிருந்தது. ஆறாம் நாள் காலையில் இறங்கு என்றார்கள். இறங்கினான். அவ்வளவுதான் நடந்தது. அதைத்தான் மில் தன் காகிதத்தில் "எதிர்பாராத விபத்து" என்று எழுதிக் கொடுத்திருந்தது.

இதில் அண்ணன் எங்கே வந்தார் என்றால், அந்த வேலையே அண்ணனுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால் மூத்தவருக்கு மில் பிடிக்காமல் போய் லாரி ஓட்டப் போனார். மில்லின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேஸ்திரி தடுத்தார். "எதுக்குக் குடுக்கிற? வீட்ல தம்பி சும்மாதானே இருக்கான். அவன் கையில குடுத்து அனுப்பு. மில்லுக்கு வேண்டியது ரெண்டு கை. பேரை வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?"

தம்பிக்கு அப்போது பதினாறு வயது. அண்ணன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேட்டில் அண்ணன் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அந்த மில்லில் பாதிப் பேர் அப்படித்தான். அப்பா பேரில் மகன், மச்சான் பேரில் மச்சான். செத்துப்போன சித்தப்பா பேரில் வந்த ஒருவன் லீவே போடாததற்குப் பரிசு வாங்கினான். மில்லுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. வேறொருத்தன் பேரில் வேலை செய்கிறவன் எதற்காவது வாயைத் திறந்தால், "நீ யாருடா?" என்று ஒரே கேள்வியில் மூடிவிடலாம். அதனால்தான் அப்படியே விட்டார்கள்.

ஆக, மில் காகிதத்தின்படி செத்தது மூத்தவர். மூத்தவர் மனைவிதான் விதவை. காஜாக்காரி யாரோ ஒருத்தி.

மேஸ்திரி ஒன்பது மணிக்கு வந்தார். இரண்டு பெண்களையும் கிளார்க் அறைக்குள் அழைத்துப் போனார். காஜாக்காரியின் ஓரகத்தி, அதாவது மூத்தவர் மனைவி, ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்ப்பவள். விரலெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருக்கும். அந்த விரல்களால் காஜாக்காரியின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இறந்தவரோட சம்சாரம் இவங்க" என்று மேஸ்திரி ஓரகத்தியைக் காட்டினார்.

கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூணு நாளா இங்கயே உட்கார்ந்திருக்கே, இந்தம்மா யாரு?"

"சொந்தக்காரங்களா இருக்கும். எனக்குச் சரியாத் தெரியல சார்."

காஜாக்காரிக்குக் காது அடைத்துத் திறந்தது.

"என்னைத் தெரியலையா மேஸ்திரி? என் கல்யாணத்துல ரெண்டு தடவை சாப்பிட உட்கார்ந்தீங்களே, அப்பவாவது தெரிஞ்சுதா? மழையில நனைஞ்சு வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னீங்க. எங்க வீட்டுக்காரர் மாத்திக்க வெச்சிருந்த சட்டையை வாங்கிப் போட்டுக்கிட்டுத்தானே போனீங்க? நான் தெச்ச சட்டை. ஏழு காஜாவும் என் கையால எடுத்தது. நாலு வருஷமாச்சு, துவைச்சாவது குடுத்தீங்களா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, இருக்கிற இடம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரியின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"துக்கத்துல என்னமோ பேசுது சார்."

"எங்கிட்ட கல்யாணப் பேப்பர் இருக்கு" என்றாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கவர் வாங்கியது அவன்தான், கல்யாணத்துக்கு மறுநாள், மழைக்குப் பயந்து.

கிளார்க் கெட்டவர் இல்லை. தினமும் நாற்பது பிணத்துக்குக் காகிதம் பார்க்கிறவர். அந்தக் காகிதத்தைப் படித்தார். பிறகு மில் ஃபைலைத் திறந்து, கையெழுத்துப் பக்கத்தை அதன் அருகில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பேரு தம்பி பேரு போட்டிருக்கு. ஆனா மாப்பிள்ளை கையெழுத்து இருக்கே, அது அண்ணன் கையெழுத்து. மில்லுல இருக்கிறதும் இதுவும் அச்சா ஒண்ணு. செத்தவர் வந்து உன் கல்யாணத்துல கையெழுத்துப் போட்டிருக்கார். ஏம்மா?"

"அது... அன்னிக்கு மழை சார்."

"மழை பெஞ்சா புருஷன் மாறிடுவானா?"

சொன்னால் புரிகிற மாதிரி அது ஒரு காரணம் இல்லை. அது ஒரு நாள்.

"சரி, விடு. உன் புருஷன் தம்பிதானே? செத்தவருக்குக் கூடப்பொறந்தவர். நேர்ல வந்து, இறந்தது எங்க அண்ணன்தான்னு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு. அண்ணி கையெழுத்து, தம்பி கையெழுத்து, ரெண்டும் இருந்தா மத்தியானத்துக்குள்ள உடலை எடுத்துட்டுப் போயிடலாம். எங்கே அவரு?"

அவள் வாயைத் திறந்தாள். மேஸ்திரி இருமினார். அந்த இருமலில் நேற்றுச் சொன்னது முழுக்க இருந்தது. அட்டையைக் கைமாற்றியது ஆள்மாறாட்டம், போலீஸ் வந்தால் முதலில் உள்ளே போவது மூத்தவர், லாரி லைசென்ஸ் போகும், இரண்டு பிள்ளைகளும் தெருவுக்கு வரும்.

அவள் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடி. நேத்துலேருந்து ஒண்ணுமே உள்ள போகல உனக்கு."

"மழை பெஞ்சா புருஷன் மாறிடுவானான்னு கேக்கறாருக்கா."

"கேக்கட்டும். அவனுக்கென்ன தெரியும் அந்த மழை?"

தெரியாதுதான். அந்த மழை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தம் ஐம்பது பேர் இருந்தால் அதிகம்.

விடியற்காலையில் ஆரம்பித்தது. அப்படி ஒரு மழையை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவளை ஏற்றி வந்த வேன், கல்யாணக் கூடத்துக்கு முப்பது அடி முன்னால் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. வாசல் முழுக்க முழங்கால் சேறு. அவளுடைய அம்மா வேனுக்குள்ளேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள், நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஆகிவிட்டதே என்று. காஜாக்காரி புதுச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சேற்றில் இறங்கத் தயாராகத்தான் இருந்தாள்.

அப்போதுதான் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். இருபது பேர் இருக்கும். ஒவ்வொருத்தர் தலையிலும் குடைக்குப் பதில் ஒரு முழு அட்டை. தூரத்தில் பார்க்கையில் அட்டைகள் மட்டும் நடந்து வருவதுபோல் இருந்தது. வந்தவர்கள் அட்டைகளைச் சேற்றில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார்கள். வேனிலிருந்து வாசல்வரை ஒரு பழுப்புப் பாதை. கடைசி அட்டையை விரித்தது யார் என்று பார்த்தால், மாப்பிள்ளை. கல்யாண உடுப்பில், பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு.

"டேய், மாப்பிள்ளையை யாராவது புடிச்சு உள்ள உட்கார வைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவன் கேட்கவில்லை. பாதையின் அந்தக் கோடியில் நின்று கையை நீட்டினான். "பயப்படாம வா. மூணு அடுக்கு அட்டை. நான் அரைச்ச கூழு. உன் வெயிட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

அவள் முதல் அட்டையில் காலை வைத்தாள். பசக்கென்று கணுக்கால்வரை உள்ளே போனது.

அவன் ஒரு நொடி யோசித்தான். "சரி, கொஞ்சம் வேகமா வா."

இருபது பேரும் மழையில் நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். ஓட்டமும் நடையுமாக, ஒவ்வொரு அட்டையும் கூழாவதற்குள் அடுத்ததில் தாவி, கடைசி அட்டையில் வழுக்கி அவன் மேல் போய் மோதினாள். நாலு பேருக்கு முன்னால் அவன் அவளை முதன்முதலாகத் தொட்டது அதுதான். அவன் நெஞ்சில் ஈர அட்டை மணம் அடித்தது. அந்த மணத்தை மில் வாசலில் எங்கே கண்டாலும் அவள் நடையை நிறுத்தி ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். நாலு வருஷமாக.

"மேலே கட்டியிருந்த தார்ப்பாய் ஞாபகமிருக்கா?" என்றாள் ஓரகத்தி.

"இல்லாம?"

"தண்ணி தேங்கித் தேங்கி மாட்டு வயிறு மாதிரி தொங்குது. உம்புருஷன் துடைப்பக் கட்டையை எடுத்துக்கிட்டுப் போறான். நான் அடுப்படியிலேர்ந்து கத்தறேன், டேய் கொழுந்தனாரே, குத்தாதடான்னு. குத்தினான் பாரு..."

"நேரா மேஸ்திரி தலைமேல."

"கோட்டு சூட்டு போட்டு வந்தாரு மனுஷன்! தலைமேல ஒரு தொட்டி தண்ணி. அப்புறந்தான் மழை மாப்பிள்ளை, மழை மாப்பிள்ளைன்னு மில்லே கூப்பிட ஆரம்பிச்சுது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிணவறை வாசலில் உட்கார்ந்து, தோள் குலுங்க. எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஓரகத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பய" என்றாள். "என்னை ஒரு நாள் ஏன்னு கேட்டதில்ல."

அந்தச் சிரிப்புக்கும் கூச்சலுக்கும் நடுவில்தான் பதிவுக்காரர் வந்தார். பெரிய புத்தகத்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு, தெப்பமாக நனைந்து. "சீக்கிரம் போடுங்க, சீக்கிரம் போடுங்க, புத்தகம் நனையுது" என்று பறந்தார். யாரோ மேலே ஒரு அட்டையைப் பிடித்தார்கள். அவன் பேனாவை வாங்கி, நீட்டிய இடத்திலெல்லாம் சரசரவென்று கையெழுத்துப் போட்டான். அவள் பார்த்தது அவன் புருவத்திலிருந்து சொட்டிய தண்ணீரை. காகிதத்தை அல்ல.

அன்று சாயங்காலம் மழை விட்டபிறகு அவன்தான் பார்த்தான். ஆறு வருஷமாகத் தினம் இரண்டு வேளை போட்ட கையெழுத்து. கையைத் தள்ளிக்கொண்டு தானே வந்திருக்கிறது.

"ஏய், இங்க பாரு. பேப்பர்ல உன்னைக் கட்டிக்கிட்டது எங்க அண்ணன்!"

அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் போய் மாற்றிவிடலாம் என்றான். அடுத்த வாரம் மில்லில் லீவு தரவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் கம்பெனியில் ஆர்டர் அவசரம். பிறகு மகள் பிறந்தாள். எப்போதாவது அதை எடுத்து இரண்டு பேரும் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளதில் அது ஒன்றுதான் அவர்களுக்குக் கல்யாண ஆல்பம். போட்டோக்காரன் கேமரா மழையில் போயிருந்தது.

பிணவறை ஆள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். வாயில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, ஓரகத்தியிடம் தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பெட்டி சரியாக் குளிரல. மூணு நாளாச்சு. இன்னிக்கு எடுத்துட்டீங்கன்னா முகம் பார்க்கலாம். நாளைக்குன்னா நான் எதுவும் சொல்ல முடியாது."

ஓரகத்தி எழுந்தாள். "வா, உங்க மாமாவைப் பார்ப்போம்."

மூத்தவர் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மதில் நிழலில் குந்தியிருந்தார். உள்ளே வர முடியாது. செத்தவன் தன் பிணத்தைப் பார்க்க நடந்து வந்த கதையாகிவிடும். மூன்று நாள் தாடி. அறுநூறு மைல் லாரியை நிறுத்தாமல் ஓட்டி வந்தவர், தம்பி முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

மேஸ்திரியும் பின்னாலேயே வந்தார். கிளார்க் இல்லாத இடத்தில் அவர் குரல் வேறு.

"இதோ பாருங்க, நான் என்ன எதிரியா? எல்லாருக்கும் நல்லதைத்தான் சொல்றேன். உள்ள வாங்க. தம்பின்னு சொல்லித் தம்பி பேர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. அவன் உங்க பேர்ல பத்து வருஷம் போட்டான். நீங்க அவன் பேர்ல ஒரு தடவை போடக் கூடாதா?"

"அப்புறம் நான்?" என்றார் மூத்தவர்.

"நீங்க தம்பி. அவ்வளவுதான். லைசென்ஸு தம்பி பேர்ல புதுசா எடுத்துக்குங்க."

"நான் செத்தவனா."

"காகிதத்துல."

மூத்தவர் கொஞ்சநேரம் மண்ணைக் கீறினார். பிறகு காஜாக்காரியை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்மா. அட்டையை அவன் கழுத்துல மாட்டினவனே நான்தான். அவன் குழியில கெடந்த மாதிரி இந்தப் பெட்டியிலயும் கெடக்க வேண்டாம். எடுத்துட்டுப் போயிடலாம்."

"நீங்க செத்தா, அவரு எங்க மாமா போனாரு?" என்றாள் காஜாக்காரி.

மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க. காகிதத்துல நீங்க செத்துட்டீங்க. நீங்க அவராயிட்டீங்க. அப்ப அவரு எங்க? குழியில எறங்கினது யாரு?"

"ஏய்" என்றாள் ஓரகத்தி. "எம்புருஷன் கல்லு மாதிரி கண்ணு முன்னாடி உட்கார்ந்திருக்கான். அவன் செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கப் போறேன். எந்தப் பொம்பளை குடுப்பா? யாருக்காகடி? உனக்காக. உம்புருஷன் முகத்தை நீ ஒரு தடவை பார்க்கணும்னு. நீ என்னடான்னா சட்டம் பேசறே!"

அக்கா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மூன்று நாளாக அவள் கேட்டதும் அதைத்தான், அவனை வெளியே எடுக்க வேண்டும், எப்படியாவது. அதோ வழி. இரண்டு கையெழுத்து. வீட்டில் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவந்த மகள் நேற்று, "அப்பா ஷிப்ட் முடியலையா?" என்று கேட்டாள்.

"சரிக்கா" என்றாள். "போலாம்."

கிளார்க் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. ஓரகத்தி முதலில் கையெழுத்துப் போட்டாள். "இறந்தவரின் மனைவி" என்று அச்சடித்திருந்த இடத்தில் பேனாவை வைத்தபோது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மூத்தவர் உள்ளே வந்தார். லாரிக் கதவைத் திறக்கிற கை, பேனாவைச் சுள்ளி மாதிரி பிடித்தது. தம்பி பேரின் முதல் எழுத்தைப் போட்டார். இரண்டாவது. நின்றார். "என்ன எழுத்து வரும்?" என்பதுபோல் விழித்தார். பத்து வருஷமாக அந்தப் பேரில் எங்கேயும் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. அவன்கூடப் போட்டதில்லை. ஒருவழியாக எழுதி முடித்தார். காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. புறங்கையால் துடைத்தார்.

"பரவால்ல, பரவால்ல" என்றார் கிளார்க் இரக்கமாக. "அண்ணன் இல்லையா, இருக்கத்தான் செய்யும்." காகிதத்தைக் காஜாக்காரி பக்கம் திருப்பினார். "இவர்தானேம்மா உன் வீட்டுக்காரர்? ஆமான்னு சொல்லி இங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுடு. முடிஞ்சுது."

அவள் அந்த வரியைப் பார்த்தாள். இறந்தவரின் தம்பி மனைவி. அதற்குப் பக்கத்தில், கணவர் உயிருடன் உள்ளாரா என்ற கேள்விக்கு, "ஆம்" என்று கிளார்க்கே எழுதியிருந்தார். நீல மையில், நல்ல எழுத்தில்.

காகிதத்தில் அவள் புருஷன் சௌக்கியமாக இருந்தான். நாளைக்கு அவள் அழக்கூட முடியாது. எதற்கு அழுகிறாய், உன் புருஷன்தான் இருக்கிறானே என்பார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துக் கேட்பார்கள், மூத்தவர் வந்து போடுவார். மில் அடுத்த ஐந்து நாள் நின்றுவிட்டு, ஆறாம் நாள் இன்னொருத்தனை இறங்கச் சொல்லும், இன்னொருத்தன் பேரில்.

"போடும்மா" என்றார் மேஸ்திரி. "நேரமாகுது."

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?" என்றார் கிளார்க்.

"இவரு என் வீட்டுக்காரர் இல்ல. இவருதான் நீங்க செத்துட்டதா எழுதி வெச்சிருக்கிற ஆளு. மூத்தவரு. என் வீட்டுக்காரர் உள்ள கெடக்காரு."

ஓரகத்தி அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "படுபாவி! கெடுத்தியேடி! ரெண்டு புள்ளைங்கடி எனக்கு!" இன்னொரு அடி விழுந்தது. காஜாக்காரி நகரவில்லை, தடுக்கவும் இல்லை. அந்த அடிக்கு அவள் கடன்பட்டவள் என்று அவளுக்குத் தெரியும்.

"துக்கத்துல பேசுது சார், இதை விடுங்க, அந்தக் கையெழுத்து இல்லாமலே..." மேஸ்திரி ஃபைலை இழுத்தார்.

மூத்தவர் அந்த ஃபைலின் மேல் கையை வைத்தார். பெரிய கை. "விடுங்க மேஸ்திரி" என்றார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, "ஆமா சார். அட்டை என்னோடது. அவனுக்குக் குடுத்தது நான். குடுக்கச் சொன்னது இவரு. யாரை வேணா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஓரகத்தி கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி போனை எடுத்துக் காதில் வைத்தபடி நழுவினார்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா? இனி இது என் கையில இல்ல. போலீஸ், விசாரணை, மில்லுக்கு நோட்டீஸ். எத்தனை நாளாகும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் உடல் இங்கதான். இந்த வெயிலுக்கு..." அவர் முடிக்கவில்லை. "முகம்கூடப் பார்க்க முடியாம போயிடலாம்மா. நான் எதுவும் கேக்கலன்னு வெச்சுக்கறேன். இப்பக்கூட ஒண்ணுமில்ல. யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் முகம் வேண்டும் என்று உடம்பெல்லாம் கத்தியது.

"வேற பேப்பர் எடுங்க சார்."

கிளார்க் பெருமூச்சு விட்டார். இழுப்பறையைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவை உதறினார்.

"இறந்தவர் பேரு?"

சொன்னாள்.

"அப்பா பேரு?"

சொன்னாள்.

"வயசு? மில்லுல முப்பத்திமூணுன்னு இருக்கு."

"அது இவருக்கு. அவருக்கு இருபத்தாறு."

"இருபத்தாறா?" அவர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். "நீ என்ன உறவு?"

அதுவரை வந்த குரல் அங்கே வரவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தாள், காற்றுதான் வந்தது. கிளார்க் காத்திருந்தார். தரையில் உட்கார்ந்திருந்த மூத்தவர் தலையைத் தூக்கினார். அவள் கையை நீட்டி, கிளார்க்கின் விரலிலிருந்து பேனாவை வாங்கி, அந்த இடத்தில் அவளே எழுதினாள்.